நீருக்கு அடியில் ஒரு ராணி

பத்தொன்பது வயதில் நான் ஒரு காதல் நாவல் எழுதினேன். இலங்கையில், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்துகொண்டே எழுதினேன். அதில் வரும் நாயகி கொழுந்து பறிப்பவள். நாயகன் செத்தவர்களின் உலகத்துக்கு ராஜா. இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அது பரிசு வாங்கிய புத்தகம் அல்ல. ஆனாலும் அப்படி ஒன்றை அதற்கு முன்னால் எங்கள் மலைகளில் யாரும் எழுதியதாக எனக்குத் தெரியாது.

கதை எனக்குக் கிடைத்தது ஹட்டனில். அங்கே கன்னியர் மடப் பாடசாலை ஒன்றில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மழை நாட்களில் விளையாட்டு வேளைக்குப் பதிலாக நூலகத்துக்கு அனுப்புவார்கள். அலுமாரியின் அடித்தட்டில் கிரேக்கர்களின் பழங்கதைகள் கொண்ட ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடந்தது. சில தாள்களின் ஓரம் வெட்டப்படாமல் ஒட்டியபடியே இருந்தது. எனக்கு முன்னால் யாரும் அதைப் படித்திருக்கவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கதையை மூன்று வாரம் படிப்பேன்.

அதில் ஒரு கதை. பூப்பறிக்கப் போன பெண்ணைப் பாதாள உலகத்தின் அரசன் தேரில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தாய் தேடி அலைகிறாள். அவளுடைய துக்கத்தில் பூமியில் ஒரு பயிரும் முளைக்காமல் போகிறது. கடைசியில் தேவர்கள் கூடிப் பேசி, பெண்ணைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள். ஆனால் அவள் அங்கே சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டாள். கீழே உண்டவள் கீழேதான் இருக்க வேண்டும் என்பது அந்த உலகத்தின் சட்டம். அதனால் வருஷத்தில் சில மாதம் அரசனோடு, மிச்ச மாதம் தாயோடு என்று தீர்ப்பாகிறது.

கதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. அரசன் பேசுகிறான், தாய் பேசுகிறாள், தேவர்கள் பேசுகிறார்கள். உனக்கு என்ன வேணும் என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நானே அவளிடம் கேட்க ஆரம்பித்தேன்.

அந்த பஸ் நீர்த்தேக்கத்தின் கரையோரமாக வரும். எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும்போது அணை கட்டி, பழைய மஸ்கெலியா டவுனைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார்கள். ஆட்கள் கடைகளோடு மேலே புது டவுனுக்கு வந்துவிட்டார்கள். பழைய கோயில் கட்டடம் அங்கேயே நின்றுவிட்டது. மழை குறைந்து தண்ணீர் இறங்கும் மாதங்களில் முதலில் அதன் உச்சி தெரியும், பிறகு சுவர், பிறகு சேறு படிந்த தெரு. அந்தத் தெருவில் இருந்த ஒரு கடையில்தான் அப்பா எனக்கு முதன்முதலாக வளையல் வாங்கித் தந்தார். பாதாள உலகம் எங்கே இருக்கிறது என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

பரீட்சை முடிந்து வீட்டில் இருந்தபோது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஓர் ஆள் தேவைப்பட்டது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நீளமான ஒரு அறை. கூரை வளையில் வரிசையாகப் பன்னிரண்டு துணித் தொட்டில்கள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், ஒரு தொட்டிலின் கயிற்றைக் கால் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே கொப்பியில் எழுதுவேன். கொப்பி முடிந்தால் பிள்ளைகளின் வருகையைப் பதியும் பழைய வரவுப் புத்தகங்களின் பின்பக்கம் இருக்கவே இருந்தது.

என் நாயகியை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. வறட்சிக் காலத்தில் மூழ்கிய டவுன் வெளியே தெரிகிறது. அதைப் பார்க்க அவளே நடந்து இறங்குகிறாள். கோயில் வாசலில் ஒரு இளைஞன் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருக்கிறான். அவன்தான் அந்த உலகத்தின் ராஜா என்று அவளுக்குத் தெரியாது. அவனோடு பேசிக்கொண்டு நிற்கையில் மலையில் மழை பெய்து தண்ணீர் ஏறிவிடுகிறது. இது மூன்றாம் அத்தியாயம் வரை. அதற்கு மேல் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாமல் இருந்தேன்.

பத்து மணிக்கும் மத்தியானமும் தாய்மார் பால் கொடுக்க வருவார்கள். ஒரு நாள், தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில் இருந்த ஒரு அக்கா, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே, எந்நேரமும் எழுதுகிறாயே, யாருக்குக் காகிதம் போடுகிறாய் என்று கேட்டார். காகிதம் இல்லை, கதை என்றேன். வாசிக்கச் சொன்னார். வெட்கத்தோடு முதல் பக்கத்தை வாசித்தேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களால் பிள்ளைகளின் தலையைத் தடவிக்கொண்டு ஆறேழு பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பதினைந்து பேர் இருந்தார்கள். அதில் ஐந்து பேருக்குக் கைக்குழந்தையே கிடையாது.

அதன் பிறகு எழுதுவதற்கு எனக்கு ஒரு கட்டாயம் வந்துவிட்டது. பத்து மணிக்கு வாசிக்க ஏதாவது இருக்க வேண்டும்.

அவர்கள் சும்மா கேட்பவர்கள் இல்லை. நீருக்கடியில் நாயகி கண் விழிக்கும் முதல் காலையில், ராஜா அவளுக்கு முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறான் என்று எழுதியிருந்தேன். அதைக் கேட்டு ஒருத்தி சிரித்த சிரிப்பில் இரண்டு பிள்ளைகள் முழித்துக்கொண்டன.

"ஆம்பள எந்திரிச்சு தேத்தண்ணி ஊத்துறானா? செத்தவங்க ஊருலதான் அது நடக்கும்" என்றாள்.

"அப்ப செத்த பொறவாச்சும் ஒண்ணு கெடைக்குமில்ல" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

சிரித்து ஓய்ந்த பிறகு அதைத் திரும்ப ஒரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். மாதுளை முத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடலாம் என்று அன்றைக்குத்தான் தீர்மானித்தேன். என் நாயகி அவன் கையால் ஆக்கிய சோற்றை, இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே, பிசைந்து சாப்பிடுகிறாள்.

பெண்கள் மலைக்குத் திரும்பத் தாமதமாகிறது என்று ஒரு நாள், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கோபமாக வந்தார். அன்றைக்கு நான் வாசித்தது, வெளியேறும் வழி தேடி நாயகி தெருத் தெருவாக ஓடும் இடம். வாசலில் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். பக்கம் முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, சீக்கிரம் வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் அம்மாவிடம், அந்தப் பையன் அவளை வீட்டுக்கு அனுப்புவானா மாட்டானா என்று விசாரித்திருக்கிறார்.

அந்த ராஜா யார் என்ற விசாரணையும் தோட்டத்தில் நடந்தது. இடது கைப் பழக்கம் உள்ளவன், அதிகம் பேசாதவன் என்று எழுதியிருந்தேன். எங்கள் தோட்டத்து லொறி டிரைவரும் இடது கைக்காரர். பாவம், ஒரு மாதம் அவர் எங்கள் லயத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. உண்மையில் நான் யாரையும் நினைத்து எழுதவில்லை. ஒரு ஆண் எப்படி இருந்தால் ஒரு பெண் தானாக நடந்து போவாள் என்று யோசித்து, ஒவ்வொரு குணமாகச் சேர்த்து அவனைச் செய்தேன்.

மூன்றாம் லயத்து அக்கா ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகும் எழுந்திருக்காமல் இருந்தார். அவருடைய மூத்த குழந்தை பஞ்ச வருஷத்தில், எழுபத்து நாலில், செத்துப் போனது எனக்குத் தெரியும். அரிசி இல்லாமல், மாவும் இல்லாமல், லயங்களில் பிள்ளைகள் வரிசையாக இறந்த காலம் அது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, அந்த ஊருல சின்னப் புள்ளைங்க இருக்காங்களா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. என் பாதாள டவுனில் கடைக்காரர்கள் இருந்தார்கள், பூசாரி இருந்தார், கடலைக்காரர் இருந்தார். பிள்ளைகள் இல்லை. இருக்காங்கக்கா என்றேன்.

"யாரு பாத்துக்குறா?"

"நாளைக்குச் சொல்றேங்க்கா" என்றேன்.

அன்றைக்கு எழுதியதுதான் பதினோராம் அத்தியாயம். அவள் ராணியானவுடன், உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். கிரேக்கக் கதையில் யாரும் கேட்காத அந்தக் கேள்விக்கு அவள் நகை கேட்கவில்லை, அரண்மனை கேட்கவில்லை. ஒரு பிள்ளைக் காம்பரா கட்டித் தரச் சொல்கிறாள். தாயை விட்டு வந்த அத்தனை பிள்ளைகளையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தொட்டிலில் போடுகிறாள். பெயர் தெரியாத பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறாள். மறுநாள் அதை வாசித்தபோது பத்து மணி வேளை தாண்டி மணி பத்தரை ஆனது. கணக்கப்பிள்ளை வரவில்லை. அக்கா அழவில்லை. எழுந்து போகும்போது என் உச்சந்தலையில் கை வைத்துவிட்டுப் போனார். நான் எழுதுகிறவள் என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான்.

வீட்டில் என் அம்மா தனிச் சபை. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. பின்னேரம் ரொட்டிக்கு மாப் பிசையும்போது அன்றைய பகுதியைச் சொல்லுவேன். நாயகியின் தாய் தேடி அலைந்தாள் என்று ஒரே வரியில் முடித்திருந்ததில் அம்மாவுக்குக் கோபம்.

"எங்க எங்க தேடுனா? யாருகிட்ட கேட்டா? ஒண்ணுமே இல்லாம தேடுனா, தேடுனானு எழுதியிருக்க. பெத்தவ தேடுறது ஒரு வரியா?"

அப்படியென்றால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். அம்மா மாவிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தார்.

"மலையில நின்ன எடத்துலேயே கூடைய எறக்கி வச்சிருவேன். எம்புள்ள வர்ற வரைக்கும் ஒரு கொழுந்து ஒடிக்க மாட்டேன்."

அதிலிருந்து மூன்று அத்தியாயம் வந்தது. தாய் கூடையை இறக்கி வைக்கிறாள். அந்த நிமிஷம் முதல் அந்த மலையில் தேயிலை துளிர்ப்பதில்லை. பிறகு பக்கத்து மலை, அடுத்த தோட்டம், இறம்பொடை, உடப்புசல்லாவை என்று செடிகள் துளிர்விடாமல் நின்றுபோகின்றன. தொழிற்சாலைகள் ஓய்கின்றன. தோட்ட நிர்வாகம் செய்யும் துரைமார் காரை எடுத்துக்கொண்டு அங்குமிங்கும் ஓடுகிறார்கள். கடைசியில் அவர்கள் எல்லோரும் ஒரு கொழுந்துக்காரியின் லயக் காம்பரா வாசலுக்கு வந்து, அம்மா, உங்களுக்கு என்ன வேணும் என்று தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். இதை வாசித்த அன்று பிள்ளைக் காம்பராவில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, மேட்டில் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் ஓடி வந்தார்.

முடிவும் நம் ஊர் முடிவுதான். மழை வந்து தண்ணீர் ஏறும்போது அவள் கீழே போவாள், வறட்சியில் தண்ணீர் இறங்கும்போது தெரு வழியாக நடந்து மேலே வருவாள். தேவர்கள் யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. அவளே முடிவெடுத்து, தாய், ராஜா இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டாள்.

கதை முழுவதையும் ஐந்து கொப்பிகளில் நல்லெழுத்தில் பிரதி எடுத்துக் கொழும்பில் ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம். நடை நன்றாக இருக்கிறது, ஆனால் அந்நியப் புராணமும் வாலிபக் காதலும் தோட்டத்துப் பெண்ணுக்கு எதற்கு, உங்கள் மக்களின் துயரத்தை எழுதுங்கள் என்று அக்கறையோடுதான் எழுதியிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கொப்பிகளை டிரங்குப் பெட்டியில் போட்டு, மேலே பழைய கம்பளியைப் போட்டு மூடினேன். ஒரு வருஷத்துக்கு மேல் எதுவும் எழுதவில்லை.

பெட்டியைத் திறக்க வைத்தவர் மூன்றாம் லயத்து அக்காவின் தம்பி. முப்பது வயதுக்காரர். ஹட்டனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். கல்யாணக் கார்டும் மரண அறிவித்தலும் அடிக்கும் சின்ன அச்சகம் அது. ஊருக்கு வந்தபோதெல்லாம் அக்கா அவரிடம் பதினோராம் அத்தியாயத்தைச் சொல்லியிருக்கிறார். வேலை குறைவான நேரத்தில் கோர்த்துக்கொள்ள முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டு, எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

திருப்பி அனுப்பிய கதை என்று நான் தயங்கினேன். உள்ளேயிருந்து அம்மா கேட்டார்.

"திருப்பி அனுப்புனவருக்குப் புடிக்கல. சரி. புடிச்சவங்களுக்குக் குடுக்குறதுக்கு என்ன?"

அச்சகத்தில் எட்டுப் பக்கத்துக்குத்தான் எழுத்துப் போதும். எட்டுப் பக்கம் கோர்த்து, அடித்து, எழுத்துகளைக் கலைத்து, அடுத்த எட்டு. 'ணி' எழுத்து எப்போதும் தட்டுப்பாடு. ராணி ராணி என்று எழுதி என் உயிரை வாங்குறீங்க என்று அவர் ஒரு தடவை சொல்லியனுப்பினார். பத்து மாதம் ஆனது. அட்டைக்குக் கல்யாணக் கார்டு மட்டையில் மிச்சமிருந்த மஞ்சளும் ரோசாவும். அதனால் பாதிப் புத்தகங்கள் மஞ்சள், பாதி ரோசா. முதல் பிரதியைக் கையில் வாங்கியபோது மையின் ஈரம் என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் அந்த விரலைச் சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹட்டனில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டுக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் முப்பது பேர், கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில், காலை பஸ்ஸையே நிரப்பிக்கொண்டு வந்தார்கள். பேச வந்தவர்களில் கண்டிப் பக்கத்துத் தமிழாசிரியர் ஒருவர், படித்தவர், நேர்மையானவர். புத்தகத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்திருந்தார். கற்பனை வளத்தைப் பாராட்டினார். பிறகு, இது உழைக்கும் மக்களின் கதை அல்ல, கஷ்டத்தை மறக்கச் செய்யும் கனவு என்று சொன்னார். நான் மேடையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்றாவது வரிசையில் அம்மா எழுந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவர். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. நாங்க படுற கஷ்டத்த எங்களுக்கு யாரும் வாசிச்சுக் காட்ட வேணாங்க. அது காலையில பெரட்டுக்குப் போனாலே தெரியும். எங்க வீட்டுப் பொண்ண ராணினு யாரும் எழுதி நாங்க கேட்டதில்லங்க. எம்மக எழுதியிருக்கு."

அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் மெதுவாகப் பின்வரிசையிலிருந்து வந்தது. தமிழாசிரியர் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்து, நான் இன்னொரு தடவை படிக்கிறேன் அம்மா என்றார். அவரை நான் இன்றும் மதிப்பது அந்த ஒரு வாக்கியத்துக்காக. மூன்றாம் லயத்து அக்காவுக்கும் வாசிக்கத் தெரியாது. பதினோராம் அத்தியாயம் எது என்று தம்பியிடம் கேட்டு, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து, புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்துப் போனார்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலை. ஒரு நாள் சமூகக்கல்வி பாடம் எடுக்கும்போது, கடைசி வரிசை வாங்கில் ஒரு மாணவி மேசைக்கு அடியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதிருக்கும். அருகே போய்க் கையை நீட்டினேன். கொடுத்தாள். அட்டை இல்லை, முதல் நாலு பக்கம் இல்லை, முதுகைச் சாக்குத் தைக்கும் நூலால் தைத்திருந்தார்கள். ஒரு வரி பார்த்ததும் என்னுடையது என்று தெரிந்துவிட்டது.

யார் எழுதியது என்று கேட்டேன்.

"தெரியாதுங்க டீச்சர். அட்டை இல்ல. எங்க அக்கா பதுளையில யாருகிட்டயோ வாங்குனாங்க. மூணு லயத்துல சுத்திட்டு வந்திருக்கு."

நான்தான் எழுதினேன் என்றேன். அவள் நம்பவில்லை. மரியாதையோடு நம்பவில்லை; தலையை ஆட்டிக்கொண்டே, கண்ணால் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டாள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து நின்றாள்.

"அப்படின்னா, கடலைக்காரர் ஏன் மேல வர மாட்டேன்னு சொல்றாருனு சொல்லுங்க டீச்சர்."

சொன்னேன். அவருடைய கூட்டாளிகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள் என்பதற்காக. புத்தகத்தில் அது ஓர் இடத்தில்தான் வரும், அதுவும் பாதி வரியில். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புத்தகத்தை அவளிடமே கொடுத்து, பாடம் முடிந்த பிறகு படிக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினேன். பாடத்தில் பாதியில் விட்ட வாக்கியம் எது என்று எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் காலை ஆசிரியர் அறை வாசலில் ஏழு மாணவிகள் நின்றார்கள். ஒவ்வொருத்தியிடமும் ஒரு கேள்வி இருந்தது. ஒருத்தி மட்டும் கேள்வி கேட்கவில்லை. பின்னால் மறைத்து வைத்திருந்த கொப்பியை நீட்டி, டீச்சர், நானும் ஒண்ணு எழுதியிருக்கேங்க என்றாள். அன்றைய முதல் பாடவேளை எனக்கு வகுப்பு இல்லை. அவளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரச் சொல்லி, வாசி என்றேன்.